மன்றத்தார் டயர் கழுவிய கதை

ஆலடிப்பொத்தை மேலத்தெரு இளைஞர் மன்றத்தில் மூன்றே இளைஞர்கள். மூவருக்கும் பேரன் பேத்தி உண்டு. தலைவர் சொரிமுத்து எட்டாவது வரை போனவர் என்பதால் யோசிக்கிற வேலை முழுக்க அவருடையது. அவர் யோசித்து முடிக்கும்வரை செயலாளர் பூதத்தானும் பொருளாளர் இசக்கியும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆவுடையப்ப அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அண்ணாச்சியின் கார்தான். அதைக் கழுவித் தரும் பொறுப்பை மன்றம் கேட்டு வாங்கியது. போன கோயில் கொடைத் திருவிழாவில் மன்றம் போட்ட பந்தல் சாமி மேலேயே விழுந்திருந்தது. இந்தத் தடவையாவது ஊர் மெச்ச ஒன்று செய்துவிட வேண்டும் என்று சொரிமுத்துவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

மண்டபத்துக்குப் போகிற அவசரத்தில் அண்ணாச்சி சொன்னார்: "டயரை நல்லாத் தேச்சுக் கழுவுங்க. ஏற்கனவே தேஞ்ச டயரு, இன்னும் தேயப்பிடாது. முக்கியமா, வண்டி வெயில்ல நிக்கப்பிடாது."

தேங்காய் நாரைக் கையில் எடுத்த சொரிமுத்து அப்படியே நின்றுவிட்டார்.

"தேய்க்கணும்ங்காரு. தேயப்பிடாதுங்காரு. இது லேசுப்பட்ட விஷயமில்ல."

"கூட்டம் போட்டிருவமா தலைவரே?" என்றார் பூதத்தான்.

போட்டார்கள். டீ வந்தது, போனது. நாம் தேய்த்தால்தானே டயர் தேயும்? நாரை அசையாமல் பிடித்துக்கொண்டு டயரை உருட்டினால் தேய்வது நார்தான் என்று முடிவானது. இருவர் நாரைப் பிடிக்க, இசக்கி பின்னால் இருந்து காரைத் தள்ளினார். கார் சரிவில் இறங்கி, ஆட்களை உதறிவிட்டு, மரமே இல்லாத பொட்டலில் போய் நின்றது.

சொரிமுத்து ஓடிப்போய் நாரைப் பார்த்தார். நன்றாகத் தேய்ந்திருந்தது. அவருக்குத் திருப்தி. நாலு குடம் தண்ணீர் ஊற்றி, டயருக்குத் தேங்காய் எண்ணெயும் தடவிவிட்டார்.

அப்புறம்தான் வெயில் உறைத்தது. காரை மேட்டில் ஏற்ற மூவராலும் ஆகவில்லை.

"வெயில்ல நிக்குதே தலைவரே" என்றார் இசக்கி.

சொரிமுத்து கண்ணை மூடி யோசித்தார். "நிக்கத்தானல பிடாதுன்னாரு. உக்காரலாம்லா?"

இப்படி ஒரு மூளைக்குக் கீழே வேலை பார்க்கிறோமே என்று பூதத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு டயரின் காற்று வால்விலும் குச்சியை வைத்து அழுத்தினார்கள். கார் பெருமூச்சு விட்டுக்கொண்டே உட்கார்ந்தது.

திரும்பி வந்த அண்ணாச்சி, "என்னல இது?" என்றார்.

"நிக்கல அண்ணாச்சி" என்றார் சொரிமுத்து அடக்கமாக. "உக்காந்திருக்கு."

அண்ணாச்சியும் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பஞ்சர் கடைக்காரரை வரவழைத்துக் காற்றடித்து, காரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை அங்கே வந்து காத்திருந்தார். குழாய் பதிக்கத் தோண்டியதில் அங்கிருந்து மண்டபம் வரை தெரு முழுக்கச் சேறு.

அண்ணாச்சி மண்டபத்துக்கு ஓடுமுன் மன்றத்தாரைப் பார்த்து விரலை நீட்டிச் சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உத்து உத்துப் பாப்பாங்க. டயரு நாலும் ஒரு பொட்டுச் சேறு இல்லாம மண்டப வாசலுக்கு வந்து சேரணும். இல்லன்னா மன்றத்தைப் பூட்டிருவேன்."

சொரிமுத்து சேற்றையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உருண்டு போனா சேறு ஒட்டும்" என்றார்.

"உருளாம எப்படிப் போகும்?" என்றார் பூதத்தான்.

"கழட்டினா போகும்."

"அப்ப வண்டி?"

"வண்டியப் பத்தி அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியே."

காரைச் சுற்றிலும் கண்ணாடி தெரியாதபடி மல்லிகைச் சரம் தொங்கியது. உள்ளே, பட்டணத்துக் கம்பெனியில் மேனேஜரான மாப்பிள்ளை தன் முகத்தைத் தானே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கியதில் கார் ஆடியது.

"கிளம்பியாச்சா?" என்றது உள்ளிருந்து குரல்.

"கிளம்பியாச்சு" என்றார் இசக்கி. அவர் டிரைவர் சீட்டில் ஏறி, இன்ஜினைப் போட்டு, ஹாரனை விடாமல் அடித்தார்.

செங்கல் மேல் காரை விட்டுவிட்டு, டயர்களைக் கல்யாணப் பந்தல்காரரின் வேனில் ஏற்றி டயருக்கொரு மாலை போட்டார்கள். வேன் நகர்ந்ததும் மேளம் அதன் பின்னால் போனது. மேளத்தின் பின்னால் கூட்டம் போனது.

மண்டப வாசலில் ஆரத்தியோடு நின்ற அத்தை, பழக்க தோஷத்தில் டயருக்கு ஆரத்தி சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டார். பூதத்தான் பாய்ந்து துண்டால் துடைத்தார்.

"மாப்பிள்ளை எங்கல?" என்று அண்ணாச்சி வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவரு கார்ல வாறாரு" என்றார் சொரிமுத்து.

அண்ணாச்சி மாப்பிள்ளைக்குப் போனைப் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"பாதி தூரம் வந்துட்டேன் மாமா. உங்க ஊரு ரோட்டைப் பாராட்டணும். வண்டி ஒரு குலுக்கு குலுங்கலியே."