மாப்பிள்ளை உள்ளே, ஒயர் வெளியே

மூளையைப் பங்கு வைத்த அன்றைக்கு மேட்டுப்பனையூரிலிருந்து மூன்று பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அதில் மூத்தவன் நாறும்பூ. அந்த மகராசனுக்குத்தான் கல்யாணம்.

எல்லா மாப்பிள்ளையும் போல மேடைக்கு நடந்து வர அவனுக்கு இஷ்டமில்லை. ஆளுயரத்துக்குப் பிளைவுட்டில் ஒரு சிப்பி செய்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். பட்டனை அமுக்கினால் ஒரு சின்ன மோட்டார் கம்பியை நீட்டி மூடியைத் தூக்கும். மோட்டாருக்கு உத்தரவு போட உள்ளங்கை அகலத்தில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. ரெண்டும் சிப்பிக்கு வெளியே, ஓரமாக. சிப்பி திறந்ததும் முத்து எழுந்து வந்து தாலி கட்டும். முத்துக்குத் தொப்பை மடங்காமல் ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மேளம் முழங்க, கூட்டாளி கொம்பையா ‘திற’ பட்டனை அமுக்கினான். மூடி திறப்பதற்குப் பதிலாக இன்னும் இறுகிக்கொண்டது.

“ஏலே, ப்ளஸ்ஸும் மைனஸும் தலைகீழா இருக்கு. ரெண்டு ஒயரையும் இடம் மாத்துங்கலே!” என்று உள்ளேயிருந்து கத்தினான் நாறும்பூ.

சொன்னது சரிதான். கேட்ட காதுதான் சரியில்லை. கொம்பையா மோட்டார்ப் பக்கம் மாற்றினான். இன்னொரு கூட்டாளி தளவாய் போர்டுப் பக்கம் மாற்றினான். ரெண்டும் சேர்ந்து பழையபடியே ஆகிவிட்டது. மூடி மறுபடியும் இறுகியது.

“மாத்தலையாலே?”

“நான் மாத்திட்டேன் மாப்ளே,” என்றான் கொம்பையா.

“நானுந்தான்,” என்றான் தளவாய், விட்டுக்கொடுக்காமல்.

“அப்ப இன்னொரு தடவை மாத்தித் தொலைங்க!”

மாற்றித் தொலைத்தார்கள், ரெண்டு பேரும்.

முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். பெண்ணின் தாய்மாமன் கடப்பாரையோடு வந்துவிட்டார். “இப்ப வெளிய வரலைன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவோம்!”

நாறும்பூ உள்ளேயிருந்து மூடியைத் தள்ளிப் பார்த்தான். ஆனாலும், “பெயிண்ட்ல கீறல் விழுந்துச்சுன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம் மாமா!” என்றான். பிறகு அழாத குறையாக, “ஒருத்தன் மட்டும் மாத்துங்கலே!” என்றான்.

வெளியே ஆலோசனை நடந்தது.

“யாருன்னு சொல்லலையே.”

“நீயே மாத்துலே,” என்றான் தளவாய்.

“நான் மட்டும் மாத்தினா, தளவாய் சும்மா நின்னான்னு ஊரு பேசும்லா?”

“அதுவும் நியாயந்தான். ஆளுக்கொரு ஒயரா மாத்துவோம்.”

கொம்பையா மோட்டாரில் ஒன்றை மாற்றினான். தளவாய் போர்டில் மற்றதை மாற்றினான். மோட்டார் முனகுவதைக்கூட நிறுத்திவிட்டது.

“சத்தம் நின்னுட்டு. பாதி சரியாயிட்டு மாப்ளே,” என்றான் தளவாய் பெருமையாக.

மணப்பெண் செண்பகா இதையெல்லாம் மாலையும் கழுத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள். சிப்பியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அங்கே பலகையே கிடையாது. ஜனங்களுக்கு முன்பக்கம்தானே தெரியும் என்று, பின்பக்கத்துக்கு நாறும்பூவே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தான். அவள் துணியை விலக்கினாள்.

“இப்படி வாங்க.”

“அது உள்ள வர்ற வழிம்மா,” என்றான் நாறும்பூ.

அவள் அங்கவஸ்திரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். தாலி ஏறியது. முகூர்த்தம் தப்பவில்லை.

“அண்ணே, நீங்க முதல் பந்திக்குப் போங்க,” என்று தளவாயை அனுப்பிவைத்தாள். தனியாக விடப்பட்ட கொம்பையா, செய்ய வேறு வேலையில்லாமல், எல்லா ஒயரையும் கழற்றி ஒழுங்காக மாட்டினான். பட்டனை அமுக்கினான். காலியான சிப்பி ஜம்மென்று திறந்தது!

பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த நாறும்பூவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து உள்ளே ஏறினான். “மூடுலே. போட்டோக்காரரைக் கூப்பிடு. இந்தத் தடவை பின்பக்கமா வந்து யாரும் கெடுத்துரக் கூடாது, பலகை வச்சு ஆணி அடி!”

கொம்பையா மூடினான், நெருக்கமாக ஆணியும் அடித்தான். போட்டோக்காரரைக் கூப்பிட அவன் போன நேரம் பார்த்து, ஏப்பம் விட்டபடி தளவாய் வந்தான். நான் இல்லாம வேலை முடிஞ்சுட்டே, நாளைக்கு என்ன பேச்சு வருமோ என்று மனசு உறுத்த, போர்டுப் பக்கம் ஒயரை மாற்றிவைத்தான்.

போட்டோக்காரர் தயாரானார். கொம்பையா ‘திற’ பட்டனை அமுக்கினான். சிப்பி கடகடவென்று இறுகியது.

பந்தியில் பரிமாறுகிறவர், “மாப்பிள்ளை இலையை எடுத்துரவாம்மா?” என்று கேட்டார்.

“எடுத்துருங்க. பாயசம் மட்டும் எனக்கு ஊத்துங்க,” என்றாள் செண்பகா.

மேடையில் சிப்பி அதிர்ந்தது. “ஏலே, ஒயரை மாத்துங்கலே!”

கொம்பையா இந்தத் தடவை உஷாராகக் கேட்டான்: “ஒருத்தனா, ரெண்டு பேருமா மாப்ளே?”

“ரெண்டு பேருந்தாம்லே! ஒருத்தனை நம்பி விட்டதாலதான் இப்படி ஆயிட்டு!”