மூடியில்லாத செம்பு

வெகு காலத்துக்கு முன்னே கொன்றைநாட்டைச் செங்கோடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஒரு நாள் அவருடைய சபை வாசலில் குருவம்மாள் என்ற அப்பளக்காரி தூணோடு தூணாக ஒட்டி நின்றாள். நடந்ததை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். ஒரு சொல் பிசகினால் தொழில் போய்விடும். அவளை நம்பி மாவு இடிக்கவும் அப்பளம் தேய்க்கவும் வருகிற பெண்களின் வீட்டிலும் அடுப்பு எரியாது.

ராஜாவுக்குத் திடீர் திடீரென்று ஆசை வரும். போன வருஷம் யானைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். இந்த வருஷம், "என் நாட்டில் வேலையில்லாத கை ஒன்றுகூட இருக்கக் கூடாது. தொழில் தொடங்கி நாலு பேருக்கு வேலை தருகிறவர்களுக்குப் பொக்கிஷத்திலிருந்து முதல் பணம் கொடுங்கள்" என்றார். அந்தப் பணத்தை அரண்மனை முத்திரை போட்ட செம்பில் வைத்துக் கொடுப்பார்கள். செம்பு மட்டும் திரும்பி வந்துவிட வேண்டும்.

பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு பொக்கிஷதார் கனகசபேசருக்கு. செம்புகள் வரிசையாக வெளியே போயின. குருவம்மாளுக்குப் போன செம்பு மட்டும் மந்திரி இளந்திரையரின் சிபாரிசு. அது கனகசபேசருக்குப் பொறுக்கவில்லை. மந்திரியைத் தலைகுனிய வைக்கச் சமயம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சமயம் செம்புக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

"மகாராஜா, மந்திரியார் கண்டெடுத்த பெரிய வியாபாரி திருப்பி அனுப்பியதைப் பாருங்கள்" என்று சபை நடுவே செம்பைக் கவிழ்த்தார் கனகசபேசர். நொறுங்கிய அப்பளம் கம்பளத்தில் கொட்டியது. "ராஜமுத்திரைக்குள்ளே குப்பை. கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கி, கடையை மூட உத்தரவாக வேண்டும்."

குருவம்மாளை உள்ளே அழைத்தார்கள். ராஜா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். "ஏனம்மா, இதை எதற்கு வைத்தாய்?"

"சாமி, செம்புக்கு வாய் சிறுசு. சுருட்டி வைக்கிறப்போ முழுசாத்தான் இருந்துச்சு." கேட்டது அதுவல்ல என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "வெறும் பாத்திரத்தை எப்படித் திருப்பித் தர்றது? பக்கத்து வீட்டுல குழம்பு வாங்கினாக்கூட, கிண்ணத்துல ரெண்டு மிளகாயாவது போட்டுத்தானே கொடுப்போம். எங்க வீட்டுல இருந்தது அப்பளம்."

"நியாயம்தான்" என்றார் ராஜா. "என் மாமியார் வீட்டுத் தட்டையே நான் வெறுமையாக அனுப்பமாட்டேன்." பிறகு புருவம் உயர்ந்தது. "ஆமாம் கனகசபேசரே, மற்றச் செம்புகளில் என்னென்ன வந்தது?"

மற்றச் செம்புகளெல்லாம் போனது கனகசபேசரின் மைத்துனர்கள் வீட்டுக்கும் மருமகன்கள் வீட்டுக்கும். திரும்பி வந்தது வெறும் செம்பு. அதை எப்படிச் சொல்வது?

"எல்லாம் வந்தது மகாராஜா. பட்டு, சவ்வாது, தந்தச் சீப்பு. பத்திரமாக வைத்திருக்கிறேன்."

"நாளைக் காலையில் பார்த்துவிடுவோம்."

மறுநாள் சபையில் செம்புகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. வாய் வழியே பட்டு எட்டிப் பார்த்தது. சவ்வாது மணத்தது. குருவம்மாள் மறுபடியும் தூணோரம் ஒதுங்கினாள். இதற்கு நடுவே அப்பளத்தை வைத்தோமே, நம் புத்தியை என்ன சொல்ல?

"மந்திரியாருக்கு அப்பளம் போதுமே. ரசத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்" என்றார் கனகசபேசர்.

"தாராளமாக" என்றார் இளந்திரையர். "மகாராஜா, இந்தச் சவ்வாது எதிலிருந்து வருகிறது தெரியுமா?"

"பூவிலிருந்துதானே?"

"பூனையிலிருந்து."

ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "பூனையா? எப்படி?"

"எனக்கும் தெரியாது. செய்கிறவர்கள் கருவியோடும் ஆட்களோடும் வந்து முற்றத்தில் செய்து காட்டட்டுமே. பட்டையும்தான். அப்பளத்தையும்தான்."

"நல்ல நாள் பார்த்து..." என்று இழுத்தார் கனகசபேசர்.

"எனக்கு நல்ல நாள் இன்றைக்குத்தான். கூப்பிடுங்கள்."

மதியத்துக்குள் முற்றம் நிறைந்தது. எங்கிருந்தோ ஒரு தறி வந்து இறங்கியது. கனகசபேசரின் மருமகன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில், "மாமா, இதில் எந்தப் பக்கம் உட்காரணும்?" என்று கேட்டான். மைத்துனர் ஒருவர் புனுகுப் பூனை கிடைக்காமல் சமையற்கட்டுப் பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "எப்போது வரும்?" என்று ராஜா ஆவலாகக் கிட்டே போனார். பூனை மைத்துனரின் கையைப் பிறாண்டிவிட்டு, கனகசபேசரின் தலைப்பாகை மேல் தாவி உட்கார்ந்தது.

குருவம்மாளிடம் வேலை பார்க்கும் பெண்கள் தங்கள் பாட்டுக்குப் பாயை விரித்து, மாவை உருட்டி, குழவியால் தேய்க்க ஆரம்பித்தார்கள். ராஜாவும் உட்கார்ந்து ஒன்று தேய்த்தார். மாட்டுக் காது மாதிரி வந்தது.

"கோணல்தான் சாமி. பொரிச்சா தெரியாது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் குருவம்மாள். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மந்திரி பக்கம் திரும்பினார். "உமக்கு எப்படிச் சந்தேகம் வந்தது?"

"நேற்றுச் சாயங்காலம் கடைவீதியில் பட்டும் சவ்வாதும் மிச்சமில்லை என்று கேள்விப்பட்டேன். அதைவிட, இதுவரை எத்தனை செம்பு போனது என்றுதான் இங்கே எல்லாரும் கேட்டோம், நான் உள்பட. என்ன திரும்பி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்த அம்மாளின் செம்பு வந்த பிறகுதான் தாங்கள் கேட்டீர்கள்."

ராஜா கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, "கனகசபேசரே, போனதெல்லாம் பொக்கிஷத்துக்குத் திரும்ப வரட்டும். என் நாட்டில் வேலையில்லாத கை இருக்கக் கூடாது என்றேன். இதோ இரண்டு கை. நாளையிலிருந்து குருவம்மாள் வீட்டில் உலக்கை பிடியுங்கள்" என்றார்.

குருவம்மாளுக்கு அதே செம்பில் பொன் நிரப்பி, மூடி போட்டுக் கொடுத்தார். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். வாசல் வரைக்கும் வந்தவள் நின்றுவிட்டாள். மூடிய செம்போடு அரண்மனையை விட்டு இறங்குகிறோம். உள்ளே இருந்தது இது, இருந்தது அது என்று நாளைக்கு யார் என்ன சொன்னாலும் யார் சாட்சி?

மூடியைக் கழற்றிக் காவல்காரன் கையில் கொடுத்துவிட்டு, திறந்த செம்பை இடுப்பில் வைத்துக் கடைவீதி நடுவே மெதுவாக நடந்தாள். "என்னம்மா, மூடி எங்கே?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "அரண்மனையிலேயே விட்டுட்டேன். நல்லா எட்டிப் பாருங்க" என்றாள்.

மறுநாள் செம்பின் வாய்க்குத் தக்கபடி சின்னச் சின்ன அப்பளமாகத் தேய்த்து நிரப்பி, வந்த வழியே, மூடியில்லாமலே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள்.