எல்லார் பில்லிலும் ஏறிய ஜாங்கிரி

தென்காசியில் ஒரு மிட்டாய்க்கடை மாடியில் மூன்று கம்ப்யூட்டர் மேதைகள் இருந்தார்கள். மேதைகள் என்று ஊர் சொல்லவில்லை. வாசல் போர்டில் அவர்களே எழுதிக்கொண்டது.

கடைக்கு பில் போடும் புரோகிராம் அவர்கள் எழுதியது. அதற்காகத்தான் கடைக்காரர் சங்கிலிமுத்து மாடியைச் சும்மா கொடுத்திருந்தார். தீபாவளிக்கு முந்தின நாள் பார்த்து, யார் எதை வாங்கினாலும் கூடவே ஒரு கிலோ ஜாங்கிரியும் பில்லில் ஏறியது.

"சாயங்காலத்துக்குள்ள சரியாவலைன்னா உங்க பொட்டி படுக்கை ரோட்டுல கெடக்கும்வே" என்றார் சங்கிலிமுத்து.

மூவருக்கும் தலைவரான தில்லைநாயகம் சென்னையில் இருக்கும் மைத்துனனுக்கு போன் போட்டார்.

"பதறாதீங்க அத்தான். தேடுறதுக்கு ஒரு டூல் இருக்கு. கறுப்புத் திரையில கட்டளை அடிச்சா புரோகிராம் முழுக்கப் படிச்சு இண்டெக்ஸ் போட்டு வச்சுக்கும். அப்புறம் எந்த வார்த்தையைக் கேட்டாலும் அந்த இண்டெக்ஸைப் பார்த்து எந்த வரியில இருக்குன்னு காட்டும். புரோகிராமை மாத்தினா மட்டும் மறுபடி இண்டெக்ஸ் போடணும்."

இண்டெக்ஸ் போட்டார்கள். மூவரில் ஒருத்தியான சொர்ணகலா 'தப்பு' என்று அடித்துத் தேடினாள்.

"எங்கயும் இல்லையாம் அண்ணாச்சி!"

தில்லைநாயகம் நிம்மதியாக டீ சொல்லப் போனார். அதற்குள் கீழிருந்து இன்னொரு ஜாங்கிரி பில் வந்தது.

மூன்றாமவர் எபநேசர் சொன்னார்: "தப்பு இருக்கு. ஆனா அங்க 'தப்பு'ன்னு பேர் எழுதி வைக்கலை. டூல் பாவம், எதை வச்சுக் கண்டுபிடிக்கும்?"

நியாயம்தானே. முதல் வரியில் 'தப்பு' என்று எழுதி, இண்டெக்ஸ் போட்டுத் தேடினார்கள். டூல் முதல் வரியைக் காட்டியது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த வரியை அழித்துவிட்டுத் தேடினால், மறுபடியும் முதல் வரி.

"இண்டெக்ஸ் மறுபடி போடணுமோ?" என்று இழுத்தார் தில்லைநாயகம்.

"மாத்தினாத்தானே போடச் சொன்னாவ? நாம எங்க மாத்தினோம்? அழிக்கத்தானே செஞ்சோம்!" என்றாள் சொர்ணகலா.

இதுகூடத் தோன்றவில்லையே என்று தில்லைநாயகம் வெட்கப்பட்டார். இப்போது முதலாவதாக நின்ற வரியையும் அழித்தார். டூல் அப்போதும் முதல் வரியையே காட்டியது.

"அழிக்க அழிக்க முளைக்குதே, கெட்டித் தப்பு!"

முறை வைத்து அழித்தார்கள். கீழே ஒரே கூச்சல். வேலைநேரத்தில் என்ன தொந்தரவு என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாயங்காலம் புரோகிராமில் அழிக்க ஒன்றும் மிச்சமில்லை.

சங்கிலிமுத்து மூச்சு வாங்க மாடியேறி வந்தார். தில்லைநாயகம் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி... ஜாங்கிரி ஏறுதா?"

"பில்லே வரலையேவே!"

"ஜாங்கிரி?"

சங்கிலிமுத்து யோசித்தார். "ஏறலை."

"அப்பச் சரியாயிட்டு!"

சங்கிலிமுத்துவின் முகம் மெல்ல மலர்ந்தது. "கெட்டிக்காரப் பயலுவதான்வே. கீழ தராசும் எடையக் கொஞ்சம் கூட்டிக் காட்டுது. அதையும் இதே மாதிரி பாத்துக் குடுங்க."

எபநேசர் சட்டைப்பையில் சாக்பீஸைப் போட்டுக்கொண்டார், தராசில் 'தப்பு' என்று எழுத. தில்லைநாயகம் சுத்தியலை எடுத்துக்கொண்டார், அழிக்க.