கொண்டலாத்தியின் மீதிப் படம்

எப்போது கேட்டாலும் காக்க வைக்காமல் பதில் சொல்லும். "இப்போது இல்லை" என்றால் பிறகு கேட்கலாம். "பூஜ்யம்" என்றால் எதிர்ப்பக்கத்தில் இனி யாரும் பேசமாட்டார்கள். அது என்ன?

காத்திருக்காத சாக்கெட். ஒரு கணினி இன்னொரு கணினியோடு பேசும் வாசல்.

பன்னிரண்டு வயது நறுமுகைக்கு அதன்மேல் கோபம்.

முப்பது பள்ளிகளுக்கு வினாடி வினா நடத்தும் நிரலை அவள்தான் எழுதியிருந்தாள். காலையில் ஒத்திகை. "இது எந்தப் பறவை?" என்று கொண்டலாத்தியின் படம் போனது. மலைப் பள்ளியின் இணைப்பு மெதுவானது. அங்கே கொண்டை மட்டும் போய்ச் சேர்ந்தது.

"சேவல்," என்றார்கள் அவர்கள். மற்ற பள்ளிகள் சிரித்தன.

மூன்று மணிக்கு நிஜப் போட்டி.

"சாக்கெட் ஏமாத்துதுக்கா," என்றாள் நறுமுகை, கணினி சொல்லித்தரும் பெனிட்டாவிடம். "முழுப் படத்தையும் குடுத்தேன். பாதியை முழுங்கிடுச்சு."

"எவ்வளவு வாங்கிக்கிட்டேன்னு அது சொல்லுமே. கேட்டியா?"

"அதையெல்லாம் யாரு பாப்பாங்கக்கா?"

"கையை நீட்டு."

பெனிட்டா வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கவிழ்த்தாள்.

"போதும்க்கா. கை ரொம்பிடுச்சு."

பெனிட்டா நிறுத்தினாள். மீதியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

நறுமுகை தின்று முடித்து வெறுங்கையைக் காட்டினாள். மீதிக் கடலை கைக்கு வந்தது.

"நான் தின்னு முடிக்கிற வரைக்கும் நிப்பீங்கன்னு நெனச்சேன்."

"நின்னா மத்த இருபத்தொம்பது பேர் என்ன பண்ணுவாங்க?"

நறுமுகை மெல்வதை நிறுத்தினாள்.

சாக்கெட் சொன்ன பதில்களை முதன்முறையாகத் திரையில் வரவழைத்தாள். மற்ற பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் முழுப் படம், நாற்பதாயிரம் பைட். மலைப் பள்ளிக்குப் பதினோராயிரம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

"காலையிலேர்ந்து உண்மையைத்தான் சொல்லிட்டிருந்திருக்கு," என்றாள் மெதுவாக.

மலைப் பள்ளியிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று சாக்கெட்டிடம் கேட்டாள். "இப்போது இல்லை" என்றது.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களாக்கா?"

"போயிருந்தா பூஜ்யம் வந்திருக்கும்."

வரவில்லை. அவர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

மணி இரண்டேகால்.

"மலைப் பள்ளியைப் போட்டியிலேர்ந்து எடுத்துட்டா அஞ்சு நிமிஷ வேலை," என்றாள் பெனிட்டா. "மீதியை வெச்சிருந்து அனுப்பணும்னா முக்கா மணி நேரம். முடியாமலும் போகலாம். உன் நிரல், நீ சொல்லு."

நறுமுகை கையைப் பாவாடையில் துடைத்தாள். ஒவ்வொரு பள்ளிக்கும் மீதி வைக்க ஓர் இடம் ஒதுக்கினாள். மலைப் பள்ளியிலிருந்து தொடங்கினாள்.