செக்கில் தங்கிய புன்னை எண்ணெய்

“போச்சு தாயே, எல்லாம் போச்சு! மௌன விரதம் முடிய இன்னும் ஒரே ராத்திரிதான். வாயைத் திறந்து தொலைச்சுட்டேன். இனி எனக்குத் தீட்சை கிடைக்குமா?”

மடத்துச் செக்கை ஆட்டும் மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

கேட்ட நேரத்தைப் பாருங்கள்! கடற்கரை மடத்தின் முற்றமெங்கும் பாதயாத்திரை வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியரை அழைக்க ஆள் ஓடியிருந்தது. மடத்தின் குரு வடிவாம்பாள், மாசிலாமணியைவிட வயதில் இளையவர், ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான், “சாப்பிடாதீங்க தாயே, எண்ணெய் விஷம்!” என்று அலறி, குருவின் இலையைத் தட்டிவிட்டிருந்தார் மாசிலாமணி. கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எண்ணெய் நீங்க ஆட்டினதுதானே?” என்று கேட்டார் குரு.

“ஆமா தாயே. கடலையைக் காயவெச்சு, தண்ணி தெளிச்சு, பிண்ணாக்கு தனியா பிரியிற வரைக்கும் ஆட்டினேன்.”

“அதுக்கு முன்னாடி செக்குல என்ன ஆட்டுனீங்க?”

“புன்னைக்கொட்டை. விளக்குக்கு.”

“அது வயித்துக்குள்ள போகலாமா?”

“ஐயையோ, கூடவே கூடாது! அதுல இருக்கிற பிசின் குடலையே புரட்டிடும்.”

“அப்ப உமியைப் போட்டு ஒரு தடவை ஆட்டி, செக்கைத் துடைச்சிருக்கணுமே?”

“ஜப நினைப்புல மறந்துட்டேன். செக்குல தங்கினது கடலை எண்ணெயோட கலந்துடுச்சு. பெருங்காய வாசத்துல சமையல்காரருக்கும் தெரியலை.”

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?”

“புளியோதரைக்குத் தாளிக்கும்போது. வாணலியில எண்ணெய் புன்னை எண்ணெய் மாதிரியே பச்சையா மினுங்குச்சு. கையைக் கையை ஆட்டினேன். சமையல்காரர் ஆசீர்வாதம்னு நினைச்சு, சிரிச்சுக்கிட்டே கும்பிட்டுட்டுப் போயிட்டார். பேசிட்டா விரதம் கெட்டுடுமேன்னு…”

“பேசலை.”

“ஆனா உங்களுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியுமா? உங்க இலையில சோறு விழுந்ததும், விரதமாவது மண்ணாவதுன்னு கத்திட்டேன்.”

பிள்ளைத்தாய்ச்சி மறுபடியும் ஓங்கரித்தாள். குரு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

“மாசிலாமணி, இந்த மடத்துல என் இலையை எப்பப் போடுவாங்க?”

“வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டு…”

அட, பாவி மனுஷா!

முற்றத்தை அவர் அப்போதுதான் பார்த்தார்.