மடிக்காத இலை

மின்னூல் கருவி செய்யும் பொன்னம்பலத்துக்கு அன்று தலைகால் புரியவில்லை. புதுக் கருவி தயார். நாளைக் காலையில் அவர் கையெழுத்துப் போட்டால் தொழிற்சாலையில் வேலை தொடங்கிவிடும். அதற்கு முன் குருவிடம் ஆசி வாங்க வந்திருந்தார்.

குரு தேனம்மை அவரைவிட வயதில் சிறியவர். தமிழ்ப் பாடம் சொல்பவர். பார்வை மங்கிக்கொண்டே வந்ததில் அச்சுப் புத்தகம் கைவிட்டுப் போயிற்று. பொன்னம்பலம் கொடுத்த பழைய கருவியில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் இப்போது படித்துக்கொண்டிருந்தார். அதுவும் இல்லையென்றால் அவருக்குப் படிப்பே இல்லை.

"புதுசை மடிச்சுப் பையில வச்சுக்கலாம்மா. கண்ணு சோர்ந்தா அதுவே படிச்சுக் காட்டும். தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. படிக்கிறவங்களுக்கு இன்னும் என்ன வேணும்? நீங்க சொன்னா அதையும் சேர்த்துடறேன்."

தேனம்மை முகம் கொடுத்துப் பேசவில்லை. "முதல்ல சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

தரையில் வாழையிலை போட்டார். சாம்பார் சோறு ஆயிற்று. அடுத்து ரசம். சோற்றில் குழி பறித்து, ரசம் ஓடாமல் அணை கட்டி, பொன்னம்பலம் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனார். தேனம்மை குனிந்து இலையைச் சரக்கென்று இழுத்தார். ரசம் வேட்டியெல்லாம் வழிந்தது.

பகையாளி வீட்டில்கூட நடக்காத காரியம். சாப்பிடுகிறவன் யாராக இருந்தாலும் பாதியில் இலையில் கை வைக்க மாட்டார்கள். பொன்னம்பலத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"என்னம்மா அநியாயம் இது! உட்கார வச்சுப் பரிமாறிட்டு, திங்கிற இலையை இழுக்கறீங்களே! கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்!"

"அரிசிக்காரரோட ஒப்பந்தம் இப்பத்தான் முடிஞ்சுது" என்றார் தேனம்மை. "சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"நீங்களும் அரிசிக்காரரும் எப்படியோ போங்க! அதுக்கு என் இலைதானா கிடைச்சுது?"

தேனம்மை தன் கருவியை எடுத்து நீட்டினார். நேற்றுவரை அவர் படித்துக்கொண்டிருந்த நாவலின் இடத்தில் வெறும் வெள்ளைத் திரை. நடுவில் இரண்டு வரி: 'பதிப்பகத்துடனான ஒப்பந்தம் முடிந்ததால் இந்த நூல் நீக்கப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அதை எழுதியவர் பொன்னம்பலமேதான். என்ன பணிவான தமிழ் என்று அலுவலகத்தில் நாலு பேர் பாராட்டவும் செய்திருந்தார்கள்.

"கடைசி அத்தியாயம்தான் பாக்கி" என்றார் தேனம்மை. "அந்தப் பொண்ணு வீடு திரும்பினாளா இல்லையான்னு இனிமே நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

"விதிப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்த பொன்னம்பலம், வேட்டியில் வழிந்த ரசத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தேனம்மை புது இலை போட்டார். மறுபடியும் சோறு வைத்தார், ரசம் ஊற்றினார், மோர் ஊற்றினார். பொன்னம்பலம் தலை நிமிராமல் சாப்பிட்டார். கடைசிப் பருக்கை தீர்ந்ததும் தேனம்மை இலைப் பக்கம் கையை நீட்டினார்.

பொன்னம்பலம் பதறிப்போய் இரண்டு கையாலும் இலையைப் பொத்திக்கொண்டார்.

"விடுங்கம்மா. சாப்பிட்டவன் நான். நானே மடிக்கிறேன்."

"அதைத்தான் உங்க கருவியில சேர்க்கச் சொல்றேன்" என்றார் தேனம்மை.