முப்பிடாதிக்குக் கொடுத்த வாக்கும் ஓர் ஊசியும்

கதையைக் கேட்டுக்கொண்டே தீர்ப்பையும் யோசித்து வையுங்கள். முடிவில் கேட்பேன், மழுப்பக் கூடாது.

தென்காசிப் பக்கத்துப் பெண் இசக்கியம்மாளுக்கு நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்தது. பிறந்த குழந்தைகளைத் தூக்கிப் பழக வேண்டிய படிப்பு. அதனால் அம்மை இனித் தன்னை ஒட்டாது என்று இரத்தப் பரிசோதனையில் காட்ட வேண்டும். இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். 'எனக்குத்தான் சின்ன வயசிலேயே வந்து போய்விட்டதே' என்று கவலையில்லாமல் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் நினைத்ததிலும் தப்பில்லை. அக்கா சுடலைவடிவுக்கு அம்மை போட்டபோது, தாய் பேச்சியம்மாள் இரண்டு பிள்ளைகளையும் வேப்பிலையில் படுக்கவைத்து, இருவருக்கும் சேர்த்தே மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். அதோடு நிற்காமல் ஊர் அம்மன் முப்பிடாதியிடம், "எம்பிள்ளைகளக் காப்பாத்து தாயி, உன் நோய்க்கு இவங்க மேல ஊசி படவே விடமாட்டேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டாள்.

பரிசோதனை முடிவு வந்தது. அக்காவுக்கு வந்ததுதான் அம்மை. தங்கைக்குக் கிடைத்தது வெறும் குளியல். இசக்கியம்மாள் அழ ஆரம்பித்தாள்.

"அழாத ஏட்டி" என்றாள் அக்கா. "வேற இடத்துல உன் பேரச் சொல்லி நான் ரத்தம் குடுத்துட்டு வாரேன். அம்மா வாக்கும் நிலைக்கும், உன் படிப்பும் நிலைக்கும். பொய் சொன்ன பாவம் எனக்கு இருக்கட்டும்."

"வேண்டாங்க்கா. என்கிட்ட இருந்து ஒரு பச்சப்பிள்ளைக்கு ஒட்டிட்டா? அம்மா மனச நோகடிச்சு ஊசியும் போட மாட்டேன். சீட்டு போனாப் போகுது."

சொல்லிவிட்டாளே தவிர, சீட்டை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. எத்தனை நாள் ஆசை!

அடுப்படியில் இருந்த பேச்சியம்மாள் காதில் எல்லாமே விழுந்தது. அவள் விடிந்ததும் கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்றாள். "வாக்குக் குடுத்தவ நான். மீறுறவளும் நான். கோவம் வந்தா என்னக் கேளு, எம்பிள்ளையத் தொடாத."

நேராக வந்து மகளின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊசி ஏறும்போது இசக்கியம்மாள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு அம்மன் பேரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் இப்போதே சேரலாம், அடுத்த தவணை ஊசியும் போட்ட பிறகு வார்டுக்குப் போகலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அப்பாடா என்று இசக்கியம்மாளுக்கு உயிர் வந்தது.

இப்போது சொல்லுங்கள். பொய்யின் பாவத்தை ஏற்கத் துணிந்த அக்கா, படிப்பையே விடத் துணிந்த தங்கை, வாக்கை மீறிய தாய்: இந்த மூவரில் யார் செய்த தியாகம் பெரிது?

தாய் செய்ததுதான். அக்கா பாவத்தை ஏற்கலாம், ஆனால் அந்தப் பொய்க்கு நோயில் கிடப்பது யாரோ பெற்ற குழந்தை. தங்கைக்கு வேறு படிப்பு என்று ஒன்று இருந்தது. பேச்சியம்மாளோ அம்மன் தன்னைத் தண்டிப்பாள் என்று முழுக்க நம்பினாள். நம்பிக்கொண்டேதான் மகளை அழைத்துப் போனாள். அன்று பொழுது சாயும்வரை யாருக்கும் ஒன்றும் நேராததைப் பார்த்த பிறகுதான் அவள் சோற்றில் கை வைத்தாள். "அவளும் தாய்தானட்டி" என்றாள் மகளிடம், "விட்டுட்டா."